டாக்டரம்மா ஆளு

1967 தேர்தலில் எங்கள் வீட்டிலிருந்து இரட்டைக் காளைக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. பெரியம்மா போட்டது. தாத்தாவும் மாமாக்களும் அம்மாவும் உதயசூரியன். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆர். படம் ஒட்டாத சுவர் அப்போது ஆத்தூர் கடைத்தெருவில் இல்லை. ஒருபக்கம் அரிசித் தட்டுப்பாடு, ஒருபக்கம் இந்தி எதிர்ப்பில் சூடேறிக் கிடந்த பையன்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று மைக் கட்டிய கார் கத்திக்கொண்டு போகும். பின்னாலேயே நோட்டீஸ் பொறுக்க ஓடுவோம். எனக்கு ஒன்பது வயது.

திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குக் காங்கிரஸ் வேட்பாளர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை முழுசாகச் சொல்கிறவர்கள் குறைவு. டாக்டரம்மா என்றால் போதும். 1952இல் எங்கள் ஆத்தூர் தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றம் போனவர். 1957இல் வேடசந்தூரில் ஜெயித்தார். 1962இல் திண்டுக்கல்லில் ஜெயித்து தில்லிக்குப் போய் மத்திய கல்வித் துணை அமைச்சரும் ஆனார். அதே திண்டுக்கல்லில் 67இல் தி.மு.க.வின் அன்புச்செழியனிடம் தோற்றார்.

முடிவு தெரிந்த அன்று பெரியம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. சின்ன மாமா வாசலில் வெடி போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, "ஓட்டை மாத்திக் குத்துனவன்ல பாதிப்பேரு சின்னாளபட்டி ஆஸ்பத்திரியில பொறந்தவந்தான்டா" என்றாள்.

"அங்க பொறந்ததுக்கு ஓட்டாக்கா? பொறந்தவன் சோறு திங்க வேணாமா?" என்றார் மாமா.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்ததாகவே எனக்கு இன்றைக்கும் படுகிறது. சௌந்தரம் அம்மாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இந்தத் தோல்வியை மென்று விழுங்கிவிட்டுப் போவார்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். ஊர் அவரை ஓட்டுப் பெட்டியில் கைவிட்டது. ஆனால் அவர் தயார் செய்து அனுப்பிய பெண்களைக் கைவிடவில்லை. அடுத்த நாள் காலையிலும் பெரியம்மாவின் பாலர் பள்ளிக்கு உதயசூரியன் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

பெரியம்மாவை ஊரில் 'டாக்டரம்மா ஆளு' என்பார்கள். கட்சிக்காரர்களைச் சொல்வதுபோல இருக்கும். அவள் எந்தக் கட்சியிலும் இல்லை.

அவளுக்குப் பதினாலு வயதில் கல்யாணம். பதினேழில் தாலி அறுத்தார்கள். பெரியப்பா முகமே தனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்றாள். வெள்ளைச் சேலையைக் கட்டி, அப்பன் வீட்டுப் பின்கட்டில் உட்கார வைத்தாயிற்று. தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் இருந்த குடும்பம். கஞ்சிக்குக் குறைவில்லை. நல்ல காரியம் நடக்கும் இடத்துக்குப் போகக் கூடாது, விடிகாலையில் யார் எதிரேயும் வரக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு என்று தாத்தா பெருந்தன்மையாகச் சொல்வார். அவ்வளவுதானாம்.

அந்தப் பின்கட்டிலிருந்து அவளைக் கிளப்பிக்கொண்டு போனது காந்திகிராமம்.

1947 அக்டோபர் 7ஆம் தேதி, சிறுமலையைப் பார்த்த பொட்டலில், சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் ஆரம்பித்த இடம் அது. ஆரம்பித்தவர்கள் சௌந்தரம் அம்மாவும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சின்னாளபட்டியில் இரண்டு கட்டில் போட்ட சின்ன வைத்தியசாலைதான் முதல் வேலை. அதுதான் பின்னால் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. கஸ்தூரிபா காந்தி நினைவு அறக்கட்டளையின் தென்னாட்டுப் பொறுப்பைக் காந்தி அவரிடம் ஒப்படைத்திருந்தார். கிராமத்துப் பெண்களைப் பொறுக்கி எடுத்து, பிரசவம் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் பழக்கி, மறுபடி கிராமத்துக்கே அனுப்புவது என்பது அந்த அறக்கட்டளையின் வேலை. விதவைகளும் புருஷன் விட்டுப்போனவர்களும்தான் முதலில் வந்தார்கள். வேறு யாரை வீட்டிலிருந்து அனுப்புவார்கள்?

இதை அனுதாபம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஆளைப் புரிந்துகொள்ள முடியாது. அவருக்கே அந்தப் பின்கட்டு தெரியும். டி.வி.எஸ். பஸ் கம்பெனி சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904இல் பிறந்தவர். மதுரைப் பக்கம் டி.வி.எஸ். பஸ் போகிற நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பேச்சு உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலும் பெண்ணுக்கு வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். இளம் வயதிலேயே கணவர் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் படிக்கப் போனார். தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து 1936இல் டாக்டராக வெளியே வரும்போது வயது முப்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தது. அந்த வயதில் நம் பக்கத்துப் பெண்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். தில்லியில்தான் சுசீலா நய்யார் சிநேகிதம், அவர் வழியாகக் காந்தி அறிமுகம்.

ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர், அரிசன சேவையில் இறங்கியவர். வேறு மொழி, வேறு சாதி, பெண்ணோ விதவை. வீட்டில் சம்மதமில்லை. காந்தி இருவரையும் காத்திருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் தன் முன்னிலையில் மணமுடித்து வைத்தார்.

இந்தச் செய்தி ஆத்தூர் வரைக்கும் வந்துவிட்டிருந்ததுதான் பெரியம்மாவுக்குச் சிக்கல். பயிற்சிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தாத்தாவிடம் வந்து சொன்னபோது, தாத்தாவின் தம்பி குறுக்கே பாய்ந்தாராம். "அங்கிட்டு அனுப்பாதீக. அந்தம்மாவே ரெண்டாங் கல்யாணம் கட்டுனவுக. இவளுக்கும் ஒரு மலையாளத்தானைப் பிடிச்சுக் கட்டி வச்சிருவாக." தாத்தா யோசித்துக்கொண்டே இருந்தார். பாட்டிதான் முடிவு செய்தாள். "கட்டி வச்சா வைக்கட்டும். இங்கன இருந்து என்னத்தைக் கண்டா?"

கட்டி வைக்கவில்லை. பெரியம்மா கடைசிவரை தனியாகவே இருந்தாள். ஆனால் பாட்டி அந்த வார்த்தையைச் சொன்னாள் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அங்கே என்ன படித்தாள் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். தக்ளியில் நூல் நூற்பது, பிள்ளைக்கு எடை பார்ப்பது, கணக்கு நோட்டு எழுதுவது, சோப்பு காய்ச்சுவது, சோகைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது. இதையெல்லாம் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றும் இருக்காது. குரல் மாறுவது சமையல் முறையைப் பற்றிச் சொல்லும்போதுதான்.

எல்லாரும் முறைபோட்டுச் சமைக்க வேண்டும், முறைபோட்டுக் கக்கூஸ் கழுவ வேண்டும். பெரியம்மா போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சமையல் முறை ஒரு சேரிப் பெண்ணுக்கு. அவள் பெயரைப் பெரியம்மா சொல்லியிருக்கிறாள், இங்கே வேண்டாம். இவளைவிட இரண்டு வயது இளையவள். கம்பஞ்சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். பெரியம்மா வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டாள். மறுநாள் காலையிலும் வயிற்றுவலி. மத்தியானமும் வயிற்றுவலி. யாரும் சாப்பிடு என்று சொல்லவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லையாம். கண்டித்திருந்தால் வீறாப்பாக இருந்திருப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, "வவுத்து வலிக்கு நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று பெரியம்மா சாகும்வரைக்கும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஓமத்தண்ணீரைக் குடித்தாள். ராத்திரி பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

கக்கூஸ் முறைக்கு மூன்று நாள் வாந்தி எடுத்தாளாம். "மூணாம் நாளு வாந்திக்கு எதுவும் மிச்சமில்ல, அப்புறம் பழகிப்போச்சு" என்பாள்.

எனக்கு இதில் தோன்றுவது என்னவென்றால், அங்கே யாரும் சமத்துவத்தைப் பற்றி அவளுக்கு வகுப்பு எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்தே இருக்கலாம், அவள் ஞாபகத்தில் அது ஒட்டவில்லை. முறை அட்டவணை ஒட்டியிருக்கிறது. இன்றைக்கு யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் யாருக்குப் பக்கத்தில் படுப்பது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், மிச்ச வேலையைப் பசி பார்த்துக்கொள்கிறது. சௌந்தரம் அம்மா டாக்டராக இருந்ததால் வந்த முறையோ என்னவோ. மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிட, கொடுத்துவிடுவது.

பெரியம்மா திரும்பி வந்து ஆத்தூரிலேயே பாலர் பள்ளி ஆரம்பித்தாள். ஒரு பழைய ஓட்டு வீட்டின் திண்ணையும் முன்கூடமும். வெள்ளைச் சேலை போய்க் கரை வைத்த கதர்ச்சேலை வந்திருந்தது. மாதச் சம்பளம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பாவின் கோயமுத்தூர் மில் வேலைகூட அதற்கப்புறம் வந்ததுதான். சம்பளம் வந்த பிறகு விடிகாலையில் எதிரே வரக் கூடாது என்ற சட்டத்தை யாரும் ரத்து செய்து அறிவிக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறவள் எப்படி எதிரே வராமல் இருப்பாள்? தாத்தாவே வயலுக்குப் போகும்போது கைமாற்றாகக் காசு வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவள்தான். பாய், மணல் தட்டு, தீக்குச்சி எண்ணிக்கை, அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய பால். அந்தப் பால் வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. இரண்டு தெருப் பிள்ளைகளும் வருவோம். பெரியம்மா உட்கார வைப்பதில் ஒரு சூழ்ச்சி உண்டு: உயரப்படி. உயரத்துக்குத் தெரு தெரியாதல்லவா.

பிரச்சினை தண்ணீரில் வந்தது. ஒரு பானை, ஒரு டம்ளர். தென்னந்தோப்புக்காரர் வீட்டு மருமகள் ஒருத்தி வந்து, எங்கள் பையனுக்குத் தனி டம்ளர் வேண்டும் என்றாள். பெரியம்மா சண்டை போடுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள், "தாராளமா கொண்டாந்து குடுங்க தாயி" என்றாள். மறுநாள் பேர் வெட்டிய பித்தளை டம்ளர் வந்தது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "நல்ல டம்ளரா இருக்கே" என்று சொல்லிவிட்டு, பழைய நெளிந்த அலுமினிய டம்ளரை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அந்தப் பித்தளை டம்ளர்தான். அந்த வீட்டுப் பேரைச் சேரிப் பையன்கள் விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினார்கள். எனக்கும் எழுத்து வந்தது அந்த டம்ளரில்தான் என்று சொன்னால் மிகையாக இருக்கும். 'மு' என்ற எழுத்து மட்டும் அங்கேதான் வந்தது.

மருமகள் பையனை நிறுத்திவிட்டாள். அறுப்பு வந்தது, களத்துமேட்டில் வேலை, மூன்று வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவது? திரும்பிக் கொண்டுவந்து விட்டாள். டம்ளரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, பெரியம்மாவும் பேசவில்லை. இந்தத் தந்திரத்தைக் காந்திகிராமத்தில் சொல்லிக் கொடுத்தார்களா என்று பின்னால் கேட்டேன். "அதையெல்லாம் யாரு சொல்லிக் குடுப்பா? அங்கனை இருந்துட்டு வந்தா தானா வரும்" என்றாள்.

ஆத்தூர் என்ற பெயருக்கு வெளியுலகத்தில் ஒரு புகழ் உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெருமை மலையடிவார நீர்த்தேக்கம்தான். இப்போது காமராஜர் பெயரில் இருப்பது. திண்டுக்கல் எங்கள் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். 1959இல் காந்திகிராமம் ஆத்தூர் ஒன்றியத்தைத் தன் சுகாதாரச் சோதனைத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியும் அரசின் ஒத்துழைப்பும் இருந்தன. வீடு வீடாக வந்து பிறப்பு, இறப்பு, எத்தனை பிள்ளை, எத்தனை தங்கியது என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை எப்படிப் பேசினால் கிராமம் காது கொடுக்கும் என்பதுதான் சோதனை. ஊரில் யார் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று விசாரித்து, அவர்களைப் பிடித்துப் பேசவைத்தார்கள். ஆண்களை உட்கார வைத்துத் தனியாகப் பேசினார்கள். பெண்களுக்குக் கூட்டம் பெரியம்மாவின் கூடத்தில் நடக்கும்; நாங்கள் திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம், ஒன்றும் புரியாது.

பெரியம்மாவுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பிள்ளை பெறாதவளைக் கூட்டி வந்து பிள்ளை வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார்களே என்று ஊர்ப்பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாங்காததுபோல் நின்றாள். அடுத்தடுத்துச் செத்துப் பிறந்த மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு ஒருத்தி ராத்திரியில் கொல்லை வழியாக வந்து, "யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீகளா அக்கா" என்று கேட்டாள். செம்பட்டி வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து பஸ். அப்புறம் கொல்லைக் கதவு அடிக்கடி தட்டப்பட்டது. சிரித்தவர்களும் தட்டினார்கள்.

பத்து வருஷத்தில் ஒன்றியத்தில் பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. 'ஆத்தூர் அனுபவம்' என்று வெளிநாட்டு அறிஞர்கள் எழுதினார்கள். காந்திகிராம நூலகத்தில் ஓர் ஆங்கில அறிக்கையைப் புரட்டும்போது எங்கள் ஊர்ப் பேரைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அது 1976. நெருக்கடி நிலைக் காலம். நாடு முழுக்க இலக்கு வைத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள். கொல்லைக் கதவு தட்டப்படும்வரை காத்திருந்த வேலைக்கும் இதற்கும் ஒரே பெயர் என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கசந்தது. இன்றைக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

1976இல் நான் அங்கே மாணவியாகச் சேர்ந்திருந்தேன். 1956இல் கிராமிய உயர்கல்விக்காக ஆரம்பித்த நிறுவனம், அந்த வருஷம்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஜி. ராமச்சந்திரன் துணைவேந்தர். பெரியம்மா காலத்து முறை அட்டவணை எங்கள் விடுதியிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், எல்லாச் சமயப் பிரார்த்தனைக்கும் போக வேண்டும், கதர் உடுத்த வேண்டும். கதரைப் பற்றி முணுமுணுக்காத பெண் ஒருத்தியும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு கதர்ச்சேலை காய்வதற்குள் அடுத்த பிரார்த்தனை வந்துவிடும்.

சௌந்தரம் அம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. வளாகத்தில் தூரத்தில் போகும்போது பார்த்திருக்கிறேன். கதர்ச்சேலை, சிறிய உருவம். நான் கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆத்தூரில் இன்னாருடைய தங்கை மகள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியம்மா ஒவ்வொரு லீவுக்கும் சொல்லி அனுப்புவாள். வளாகம் முழுக்க இன்னாருடைய மகள்களும் தங்கை மகள்களும்தான் இருந்தோம். எதைச் சொல்லிப் போய் நிற்பது?

கேட்டுக்கு வெளியே உலகம் எப்படி இருந்தது என்பதை மறைத்து எழுதினால் அவருக்கு மரியாதை ஆகாது. ஒருமுறை கிராம முகாமுக்குப் போயிருந்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம். மண்வேலை முடித்து எல்லாரும் டீக்கடைக்குப் போனோம். எங்களில் ஒரு பையன் பக்கத்துக் கிராமத்துக்காரன். கடைக்காரருக்கு அவன் அப்பாவைத் தெரியும். எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ், அவனுக்குச் சிரட்டை. அவன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டான். எங்கள் கூட வந்த ஒருத்தி, ரொம்பத் துடுக்கு, "அண்ணே, எங்க எல்லாருக்கும் சிரட்டையிலேயே குடுங்க" என்றாள். நாங்களும் கிளாஸைக் கீழே வைத்தோம். கடைக்காரர் திகைத்துப்போய், "அம்புட்டுச் சிரட்டைக்கு நான் எங்கம்மா போவேன், ரெண்டுதான் இருக்கு" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தப் பையனும் சிரித்தான். டீ குடிக்காமல் வந்துவிட்டோம். முகாம் முடிந்து நாங்கள் போன பிறகும் அவன் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போய்வந்திருப்பான். சிரட்டையும் அங்கேதான் தொங்கியிருக்கும்.

காந்திகிராமம் தன்னைச் சுற்றியிருந்த ஊர்களின் சாதியை அசைத்துவிட்டதா என்று கேட்டால், அசைத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. மதிலுக்குள்ளே நடந்தது மதிலுக்கு வெளியே தானாக நடக்கவில்லை. வெளியே போனது ஆட்கள் மட்டும்தான். ஒரு நர்ஸம்மா, ஒரு பாலர் பள்ளி டீச்சர், ஒரு கிராம சேவிகா. எந்த ஊருக்கு அந்த ஆள் போனாளோ அந்த ஊரில் ஒரு டம்ளர் மாறியது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மட்டும் டம்ளரோடு நிற்கவில்லை. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். எங்கள் வட்டாரத்து ஐயன்கோட்டையில் 1926இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர். மதுரையில் அவர் படித்துப் பட்டம் வாங்கியதில் சௌந்தரம் அம்மாவின் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் பட்டதாரி என்றால் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வினோபாவின் பூதான யாத்திரை. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் கருகிய பிறகு கணவர் ஜெகந்நாதனோடு தஞ்சைக் கீழைப் பகுதிக்கே போய்த் தங்கி, நிலமில்லாதவர்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலை. 1981இல் அதற்கென்று லாப்டி என்ற அமைப்பு. பெரியம்மாவுக்கு அவரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பொறாமை கலந்த பெருமை வரும். "நாங்க டம்ளரை மாத்துனோம், அவுக பட்டாவையே மாத்திட்டாக" என்பாள்.

1984 அக்டோபர் 21ஆம் தேதி சௌந்தரம் அம்மா காலமானார். தீபாவளியை ஒட்டிய நாட்கள். நான் அப்போது வேலை கிடைத்து வேறு மாவட்டத்தில் இருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது பெரியம்மா பலகாரச் சட்டியைத் தொடவில்லை. தீட்டா பெரியம்மா என்று கேட்டேன். யாரும் சொந்தத்தில் போகவில்லையே என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். ஆமாம் என்றாள். எத்தனை நாள் தீட்டு என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அது முடிவதற்குள் 31ஆம் தேதி தில்லியில் இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள். பேப்பரெல்லாம் அதுவாகவே போயிற்று. ஊரில் இரங்கல் கூட்டம் என்று பேசி வைத்திருந்தவர்களும் மறந்தேவிட்டார்கள். பெரியம்மாவுக்கு அது ஆறவே இல்லை. "பத்து நாளு பொறுத்திருக்கக் கூடாதா" என்றாள், யாரைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அவளும் போய்ப் பல வருஷமாகிறது. பாலர் பள்ளி நடந்த ஓட்டு வீடு இடிந்து, அங்கே இப்போது செல்போன் கடை. கடைக்காரப் பையன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவான். அவன் அப்பா அந்தத் திண்ணையில் பால் பவுடர் குடித்தவர். காலையில் இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. எந்த வேன் எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்பதை ஒருநாள் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் போதும். பீஸ் கட்ட முடிந்தவர்களுக்கு வேன் வருகிறது. முடியாதவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும்.

போன வருஷம் என் தங்கை மகள் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. 'நம் மண்ணின் கல்வியாளர்' என்று தலைப்பு. என்னைத்தான் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். பிறந்தது, படித்தது, 1947, தேர்தல்கள், 1962இல் பத்ம பூஷண், 2005இல் அஞ்சல் தலை. கூடவே கிருஷ்ணம்மாள் கதையும், அவருக்கும் 2020இல் அதே பத்ம பூஷண் கிடைத்தது என்பதும். ஓமத்தண்ணீரும் உண்டு. சாயங்காலம் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஆங்காங்கே பென்சிலில் அடித்திருந்தது.

"மூணு நிமிஷந்தான் பாட்டி. மிஸ் நீளமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இந்த சமையல் கதையையும், அந்த இன்னொரு பாட்டி கதையையும் எடுத்துட்டேன்."

"ஸ்டாம்பு இருக்கா?"

"இருக்கு."

"அதை எடு. துணை அமைச்சரையும் எடு. இதை ரெண்டையும் திரும்ப உள்ள வை."

"மிஸ் திட்டுவாங்க."

திட்டினால் என் பேரைச் சொல் என்றேன். அவள் ரப்பரைத் தேடிக்கொண்டு போனாள்.